ஜகாத்துக்கு ஒரு கணக்கு, ஆசிரியருக்கு ஒரு கணக்கா?

வியாபாரச் சகோதரர்களே! ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்கிறீர்கள். கடையில் உள்ள சரக்கை மனக்கணக்காகவா எழுதுகிறீர்கள்? கிட்டங்கியைத் திறந்து, மூட்டைகளை எண்ணி, பேரேட்டைப் புரட்டி, வர வேண்டிய பாக்கியையும் பார்த்த பிறகுதானே இரண்டரை சதவீதத்தைப் பிரிக்கிறீர்கள்? அதே நீங்கள்தான் ஜமாஅத் நடத்தும் பள்ளிக்கூடத்தின் கமிட்டியிலும் உட்காருகிறீர்கள். அங்கே ஓர் ஆசிரியையின் ஓராண்டு உழைப்புக்கு ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு எழுதுகிறீர்கள். எதை வைத்து? டீக்கடையில் காதில் விழுந்ததை வைத்து!

'நீங்கள்' என்று எழுதிவிட்டேன். 'நாம்' என்று திருத்திப் படியுங்கள். அப்படியொரு கமிட்டியில் நானும் உட்கார்ந்திருந்தவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊர்ப் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் மீது புகார் வந்தது. "பாடத்தை முடிப்பதில்லை, பாதிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்" என்றார்கள். சொன்னவர் பள்ளிக்குப் பெரிய நன்கொடை தருபவர். யாரும் வகுப்பறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அந்தச் சகோதரியை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடிதம் தயாரானது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய மேஜையை ஒழித்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. பிள்ளைக்கு ஒரு பக்கம். ஜூனில் யார் எழுத்துக் கூட்டிப் படித்தார், செப்டம்பரில் எத்தனை வரி தடுக்காமல் படித்தார், யாருக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை... எல்லாம் தேதி போட்டு இருந்தது. ஓரிடத்தில் தன்னைப் பற்றியே குறித்திருந்தார்: பின்னக் கணக்கை அவசரமாக நடத்திவிட்டோம், மறுபடி நடத்த வேண்டும் என்று. மூன்றாம் வகுப்புப் புத்தகம் ஏன் வந்தது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. படிக்கவே தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளை அவர் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைத்தான் அனுப்பிவிட்டோம்!

தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "அந்தப் பிள்ளைகள் இப்போது படிக்கிறார்களா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஏழு ஆண்டுகள் மதரஸாவில் ஓதியவன் நான். கூஃபாவில் நடந்தது எனக்குத் தெரியாதா? தங்கள் ஆளுநர் ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றி, தொழுகையைக்கூட முறையாக நடத்துவதில்லை என்று கூஃபாவாசிகள் உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தார்கள். உமர் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். ஆனால் விஷயத்தை அதோடு மூடிவிடவில்லை. ஸஅதையே அழைத்துக் கேட்டார்கள். முதல் இரண்டு ரக்அத்தை நீட்டுவது, பின்னிரண்டைச் சுருக்குவது வரை ஸஅத் விளக்கினார்கள். பிறகு விசாரிக்க கூஃபாவுக்கு ஆள் போனது. பள்ளிவாசல் பள்ளிவாசலாக, ஒன்றையும் விடாமல் கேட்டார்கள். எங்கும் நற்சாட்சி, பனூ அப்ஸ் பள்ளியில் ஒருவர் மட்டும் குறை சொன்னார். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது. இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் ஸஅதை நீக்கவில்லை என்பதை உமர் (ரலி) தம் இறுதி நேரத்தில் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம், பிறகு நேரில் போய்த் திரட்டிய சாட்சி. இந்த இரண்டில் ஒன்றாவது நம் கமிட்டிகளில் உண்டா? தேர்ச்சி சதவீதம் இருக்கிறதே என்பீர்கள். பெருநாள் வாரத்தில் ஜவுளிக்கடையில் யார் நின்றாலும் வியாபாரம் ஆகும். அதை வைத்தா விற்பனையாளரை எடைபோடுவீர்கள்?

ஆண்டு முடியும் முன் ஒவ்வோர் ஆசிரியரும் தன்னைப் பற்றித் தானே ஒரு பக்கம் எழுதட்டும். எது கைகூடியது, எது கைகூடவில்லை என்று. வெறும் பேச்சாக வேண்டாம். ஒரே பிள்ளையின் ஜூன் மாத நோட்டும் ஜனவரி மாத நோட்டும் கூடவே இருக்கட்டும். பாடக்குறிப்பும் வினாத்தாளும் இருக்கட்டும். ஒன்று மட்டும் கவனம்: குறையை ஒப்புக்கொண்டவரின் சம்பள உயர்வை நிறுத்தினீர்களானால், அடுத்த ஆண்டு எல்லோரும் பொய்தான் எழுதுவார்கள்.

இளைஞர்களே! பட்டம் பெற்ற நீங்கள் வகுப்பறையின் கடைசி பெஞ்சில் போய் உட்காருங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். ஆசிரியைகளே அதிகமுள்ள பள்ளியின் கமிட்டியில் நம் மஹல்லாவின் படித்த பெண்கள் ஒருவர்கூட ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.

கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது. அதைக் காக்க மேடை போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால், நிர்வகிக்கும் உரிமைக்குள் சீர்கெட நிர்வகிக்கும் உரிமை அடங்காது என்று 1958-ஆம் ஆண்டிலேயே, கேரளக் கல்வி மசோதா பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆகவே கமிட்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. இந்த ஆண்டு எத்தனை முறை வகுப்பறைக்குப் போனோம்? கேட்ட கரும்பலகையும் புத்தகமும் வாங்கிக் கொடுத்தோமா? எந்த மாதச் சம்பளத்தை எந்தத் தேதியில் கொடுத்தோம்? அடுத்த கூட்டத்தில் ஆசிரியர்களின் தாளை வாங்கும் முன், நம்முடைய பக்கத்தை நிரப்பி அவர்கள் கையில் கொடுங்கள்.