பாட்டிக்கு ஆஸ்கார்

கொரிய நடிகை என்றதும் கன்னத்தில் குழி விழும் இருபது வயசுப் பெண்ணைத் தேடும் வாலிபர்கள் மன்னிக்கவும். என் ஓட்டு யூன் யோ ஜோங் பாட்டிக்கு!

1971-ல் ‘வுமன் ஆஃப் ஃபயர்’ படத்தில், ஒரு குடும்பத்தையே ஆட்டிவைக்கும் வேலைக்காரியாக சினிமாவுக்கு வந்தார். பேரும் புகழும் வந்த நேரத்தில் கல்யாணம், அமெரிக்கா, இரண்டு பையன்கள். எண்பதுகளில் ஊர் திரும்பினார், விவாகரத்தும் ஆயிற்று. அப்புறம் சின்ன வேஷம், பெரிய வேஷம் என்று பார்க்கவில்லை. கலைச்சேவையெல்லாம் இல்லை சார், பிள்ளைகளுக்குச் சோறு போடணும்!

2010-ல் ‘ஹவுஸ்மெய்ட்’ படத்தில் மறுபடி வேலைக்காரி. இந்தத் தடவை எல்லாவற்றையும் பார்த்துச் சலித்த சீனியர். ‘மினாரி’யில், பேரனுக்குச் சீட்டாடக் கற்றுத் தரும் பாட்டி, கெட்ட வார்த்தையும் சரளம். அதற்குத்தான் 2021-ல், 73 வயசில் ஆஸ்கார். நடிப்புக்கு அதை வாங்கிய முதல் கொரியர் அவர். மேடையில் மகன்களுக்கு நன்றி சொன்னார். அவரை வேலைக்குத் துரத்தியது அவர்கள்தானாம்.

‘ஒண்ணாம் தேதிக்காகத்தானே உழைக்கிறோம்’ என்று கூச்சப்படும் ஆபீஸ் நண்பர்களே, கூச்சம் எதற்கு? பாட்டியும் அதற்காகத்தான் உழைத்தார். வேலையை மட்டும் ஒப்பேற்றவில்லை.