உழைக்க வா, குடும்பம் நடத்த வராதே

என் வீட்டுக்காரர் மலேசியாவில், கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தவர். ஊர் அறந்தாங்கிப் பக்கம். விடியற்காலை நாலு மணிக்குக் கல்லைப் பற்றவைத்தால் பதினோரு மணிவரை நிமிர மாட்டார். அப்போது அவர் பாஸ்போர்ட்டில் இருந்தது வேலை பெர்மிட். உழைக்கலாம், ஆனால் உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்யக்கூடாது. பெர்மிட்டின் நிபந்தனையே அதுதான். என்னைக் கட்டிக்கொள்வதற்காக அதை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். 2009இல் அங்கேயே தாலி கட்டி, பதிவும் செய்துகொண்டோம். இப்போது அவர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருப்பது நீண்டகாலச் சமூக வருகை பாஸ். இதில் புருஷனாக இருக்கலாம், உழைக்கக்கூடாது. எந்த வேலையும் செய்யத் தடை என்று ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

உழைக்க விட்டபோது கட்டிக்கொள்ள விடவில்லை. கட்டிக்கொண்ட பிறகு உழைக்க விடவில்லை. இப்படி ஒரு சட்டத்தை உட்கார்ந்து யோசித்து எழுதினார்களா, இல்லை இரண்டு அறைகளில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதினார்களா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“அனுமதி வாங்கினால் வேலை செய்யலாமே” என்று சொல்வார்கள். உண்மைதான், வழி இருக்கிறது. வேலை தருகிறேன் என்று ஒரு முதலாளி கடிதம் கொடுக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்த்தான் அனுமதி கேட்க வேண்டும். முதலாளியோ பாஸ்போர்ட்டைத் திறந்து அந்தத் தடை வரியைப் படித்ததும் மூடிக் கையில் கொடுத்துவிடுகிறார். அனுமதியோடு வாருங்கள், பார்க்கலாம் என்கிறார். அனுமதிக்குக் கடிதம், கடிதத்துக்கு அனுமதி. பெர்மிட் ஆளையே எடுத்துவிட்டால் அவருக்குத் தொல்லை இல்லை. புருஷனாக இருப்பவனுக்காக எந்த முதலாளி அலைவார்?

நான் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 வெள்ளி ஆக்கினார்கள். அந்தச் சம்பளம்தான் எனக்கு. வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகள், பள்ளி வேன், மாமியாருக்கு மாதாமாதம் அனுப்பும் கொஞ்சம் பணம், எல்லாம் அதிலேயே. ஓவர்டைம் இல்லாத மாதத்தில் இருபதாம் தேதிக்கு மேல் வீட்டில் மீன் கிடையாது.

அதனால் உதவி கேட்டுப் போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, எல்லாக் கவுண்டரும் ஒரே மாதிரிதான். பாரத்தில் கணவரின் ஐசி, அதாவது அடையாளக் கார்டு எண்ணைக் கேட்டிருந்தது. அவருக்கு ஐசி இல்லை, பாஸ்போர்ட் எண்ணை எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: “ஆள் திடமாகத்தானே இருக்கிறார்? வேலைக்குப் போகச் சொல்லுங்கள்.” பாஸ்போர்ட்டை விரித்துத் தடை வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். படித்தார். “அது வேறு இலாகா” என்றார். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டோ என்னவோ, “தனித்து வாழும் தாயாக இருந்தால் ஏதாவது செய்யலாம்” என்றார்.

என்ன சொல்கிறார் என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் செத்திருந்தால் எனக்கு ஒரு பெயர் இருக்கும். விட்டுவிட்டு ஓடியிருந்தாலும் இருக்கும். கூடவே இருந்து, குடிக்காமல், அடிக்காமல், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டு, சோறு பொங்கி வைத்திருப்பதால் எனக்கு எந்தப் பெயரும் இல்லை. மாட்டேன் என்று சொல்வதற்கு அவரை வீட்டுத் தலைவராகக் கணக்கெடுக்கிறார்கள். உழைக்கிறேன் என்று அவர் கேட்டால் விருந்தாளி என்கிறார்கள்.

2025இல் சுதந்திர தினத்தை ஒட்டி, பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருக்கும் மைகார்டில் நூறு வெள்ளி போட்டார்கள். ஏழை, பணக்காரன் என்று பார்க்கவில்லை. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. நாங்களும் தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனோம். அரிசி, எண்ணெய், சவர்க்காரம். முன்னால் நின்ற தம்பதி கணவன் கார்டு ஒன்று, மனைவி கார்டு ஒன்று என்று செருகி, இருநூறு வெள்ளிக்குப் பொருள் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் முறை வந்ததும் என் கார்டைச் செருகினேன். கல்லாவில் இருந்த சின்னப் பெண் சாதாரணமாக, “அங்கிள் கார்டு?” என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். நூறு வெள்ளி பெரிதல்ல. பெரிய பெரிய வீட்டுக்காரர்களுக்குக்கூடக் கிடைத்த நூறு வெள்ளி அது.

போன வருஷம் அவருக்கு வயிற்றுவலி வந்தது. எனக்குக் காய்ச்சல் என்றால் அரசாங்க மருத்துவமனையில் ஒரு வெள்ளி. அவருக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டியதும் வெளிநாட்டவர் கட்டணம், நாற்பது வெள்ளி. அது சீட்டுக்கு மட்டும். வார்டில் சேர்க்க வேண்டும் என்றபோது முன்பணம் கேட்டார்கள். மடக்கிப் பிடித்த வயிற்றோடு நாற்காலியில் கிடந்தவர் “வீட்டுக்குப் போயிடலாம், சரியாயிடும்” என்றார். நான் அவரை அங்கேயே விட்டுவிட்டு அடகுக்கடைக்கு ஓடினேன். என் காப்பு இரண்டும் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வட்டி மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்டனில் இருக்கும் தமிழர்களும் இப்படித்தான் புலம்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அங்கே வெளிநாட்டுத் துணையைக் கூப்பிட வேண்டுமானால் வருஷத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டுமாம், 2024 ஏப்ரலில் ஏற்றினார்கள். வந்தபிறகும் அரசாங்க உதவிப் பணம் வாங்க உரிமை இல்லை என்ற நிபந்தனை வேறு. கல்நெஞ்சம்தான். ஆனால் அங்கே புருஷனோ பெண்டாட்டியோ வந்த மறுநாளே வேலைக்குப் போகலாம். உதவி தர மாட்டோம், உழைத்துச் சாப்பிடு என்கிறார்கள். இங்கே உதவியும் இல்லை, உழைக்கவும் கூடாது. பிறகு எதைச் சாப்பிடுவது?

எங்கள் குடும்பத்துக்கு இது புதிதும் இல்லை. தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் எல்லாரும் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றார்கள். முப்பது வருஷம் சீவிய மரத்தைச் சீவப் பெர்மிட்! கிடைக்காதவர்கள் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். தாத்தாவின் தம்பி குடும்பமும் போனது. அப்போது அந்தத் துறைமுகத்தின் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். பாட்டி சாகும்வரை போர்ட் கிள்ளான் என்று சொன்னதில்லை. தாத்தாவுக்கு எப்படியோ கிடைத்தது, தங்கினார். அவர் மகன் இங்கே பிறந்தார், நான் இங்கே பிறந்தேன். என் ஐசி நீலம். அந்தப் பயம் தாத்தாவோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் ஆம்பளையாகப் பிறந்து, அறந்தாங்கிப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் கொஞ்சம் வழி உண்டு. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, குடிமகனின் மனைவி இரண்டு வருஷம் இங்கே வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது. கிடைப்பது வேறு கதை. ஆனால் கேட்கவாவது ஒரு கதவு. குடிமகளின் கணவனுக்கு அந்த வரியில் இடமே இல்லை. எங்கிருந்தோ வந்த அந்நியன் மாதிரி 19ஆவது பிரிவில் நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் பத்து வருஷம் இங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். அவர் நிரந்தரவாசத்துக்குப் போட்ட மனுவும் திரும்பி வந்தது, தள்ளுபடி என்று. ஏன் தள்ளுபடி? அந்தக் கடிதத்தில் அதற்கு ஒரு வரி கிடையாது.

மனைவியாக வருபவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பெண் இருக்கிறாள், திருச்சிப் பக்கம். பாஸ் புதுப்பிக்கப் புருஷன் கூட வந்து ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை வந்தால் அவன் கையை ஓங்குவதில்லை. “இந்தத் தடவை கையெழுத்துப் போடுறேனான்னு பாரு” என்பான். அது போதும், அவள் அடங்கிவிடுவாள். வீட்டு வன்முறைக்கு 1994இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடாமல் இருப்பதை அதில் எந்தப் பிரிவில் எழுதுவது?

என் மூத்தவன் விஷயத்துக்கு வருகிறேன். வயிறு எரிவதே இங்கேதான். என் வீட்டுக்காரருடைய பாஸ் விஷயம் இழுத்துக்கொண்டிருந்தபோது நான் அறந்தாங்கியில் இருந்தேன்; 2010இல் அங்கேயே பிரசவம். அப்போதைய சட்டப்படி, மலேசியத் தகப்பனின் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் பதிந்தால் குடிமகன். மலேசியத் தாயின் பிள்ளை வெளியில் பிறந்தால் மனுதாரர். சின்னவள் கிள்ளானில் பிறந்தாள், அவள் குடிமகள், அவளிடம் மைகிட் கார்டு இருக்கிறது. ஒரே வயிறு, ஒரே பால், ஒரே வீடு. அவன் கையில் இந்தியப் பாஸ்போர்ட்.

2021 செப்டம்பர் 9ஆம் தேதி, ஃபேமிலி ஃப்ரண்டியர்ஸ் அமைப்பும் ஆறு தாய்மாரும் இதை எதிர்த்துப் போட்ட வழக்கில், கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி அக்தார் தாஹிர் எங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்து வந்து பாயசம் வைத்தேன். அரசாங்கம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. பிறகு 2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் 206 பேர் கையைத் தூக்கி அரசியலமைப்பையே திருத்தினார்கள். தாயும் குடியுரிமை கொடுக்கலாமாம்! ஆனால் இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு. ஏற்கனவே பிறந்தவனுக்கு இல்லை. அதே திருத்தத்தில், பிள்ளைக்காக விண்ணப்பிக்கும் வயது வரம்பை 21இலிருந்து 18ஆக இறக்கியும் வைத்தார்கள். ஒரு கையால் எங்களுக்குக் கொடுத்ததாகப் படம் பிடித்துக்கொண்டு, மறுகையால் என் மகனிடமிருந்து மூன்று வருஷத்தைப் பிடுங்கிக்கொள்ளவா அத்தனை வருஷம் நீதிமன்ற வாசலில் நின்றார்கள் அந்தத் தாய்மார்?

அவனுடைய குடியுரிமை மனு உள்ளே கிடக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடிப்படி ஏறி, மலாய்க் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஏஜண்டுக்கும் கொட்டி அழுதாயிற்று; ‘உள்ளே ஆள் இருக்கு’ என்று சொல்லிப் பணம் வாங்கியவர் பிறகு போனை எடுக்கவே இல்லை. தேர்தல் நேரத்தில் வருகிறவர்கள் எல்லாரும் அவன் பிறப்புப் பத்திரத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் உள்ள பையைக் கொடுத்துத் தோளில் கைவைத்து நிற்கிறார்கள். எனக்குப் பை வேண்டாம். என் வீட்டுக்காரர் கல்லுக்கு முன்னால் நிற்கட்டும், அரிசியை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

நான் வரி கட்டாதவளா? சோப்பிலிருந்து செருப்புவரை வாங்குவதற்கெல்லாம் கட்டுகிறேன். சம்பளத்தில் சொக்சோ காப்புறுதி பிடிக்கிறார்கள், இபிஎஃப் சேமநிதி பிடிக்கிறார்கள். ஓட்டுப் போடுகிறேன். பிடிக்கும்போது முழுக் குடிமகள். கொடுக்கும்போது மட்டும் நான் யாரைக் கட்டிக்கொண்டேன் என்று பார்க்கிறார்கள்.

மூத்தவனுக்கு இப்போது பதினைந்து. போய்க் கேட்டால் ‘துங்கு’, காத்திரு என்கிறார்கள். எதற்குத் துங்கு, பதினெட்டு ஆகும்வரைக்குமா? அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுப் போகிறேன். மனுவின் நிலை என்ன, அவர் மனுவைத் தள்ளியது ஏன், இரண்டையும் காரணத்தோடு எழுத்தில் கொடுக்கும்வரை கவுண்டரை விட்டு நகர மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அவர்தான் பயப்படுகிறார். பாஸ் புதுப்பிக்கிற மாதம், சத்தம் போடாதே என்கிறார்.