வேலைத்தலத்தில் "விசர்" என்ற சொல்

"உனக்கென்ன விசரோ?" எம்மவர் சேர்ந்து வேலை செய்யும் பெற்றோல் நிலையம், பலசரக்குக் கடை, உணவகம், முதியோர் இல்லம் எங்கும் இது சாதாரணப் பேச்சு. ஊரில் "அங்கொடைக்கு அனுப்ப வேணும்" என்று சொன்ன அதே பகிடிதான். அந்த அங்கொடை வைத்தியசாலைகூட இன்று தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் மாறிவிட்டது. எமது பேச்சுத்தான் மாறவில்லை.

"பகிடிக்குத்தானே" என்று பலர் சொல்வர். ஆனால் பக்கத்தில் நின்று சாமான் அடுக்குபவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவராக இருக்கலாம். போரின் நினைவுகளால் நித்திரையின்றித் தவிப்பவராக இருக்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் இங்கே வாய் திறக்கக்கூடாது என்று அவர் முடிவெடுத்து விடுகிறார். "சான்றிதழில் முதுகுநோ என்று எழுதுங்கோ டொக்டர்" எனக் கேட்பவர்களைக் குடும்ப வைத்தியர்களாகிய நாம் காண்கிறோம். அப்படி எழுத எம்மால் முடியாது. சிலர் அதற்குப் பயந்தே வைத்தியரிடம் வராமல் விடுகின்றனர். நோய் முற்றுகிறது.

சொல்லை மாற்றி என்ன பயன் என்று கேட்கலாம். ஜப்பானில் ஸ்கிட்சோபிரீனியா நோய்க்கு "மனம் பிளந்த நோய்" என்ற பொருளில் பெயர் இருந்தது. நோயாளிகளின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் 2002இல் மனநல வைத்தியர் சங்கம் அதை மாற்றியது. அதன்பின் நோயின் பெயரை நோயாளியிடமே சொல்லும் வைத்தியர்கள் அதிகரித்தனர்.

இங்கே சட்டமும் உண்டு. 12 மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் மனநோய், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி இயலாமையாகக் கொள்ளப்படும். அது தொடர்பான பேச்சு ஒருவரின் கௌரவத்தைக் குலைத்தால் துன்புறுத்தலாகலாம். நோக்கம் அதுவல்ல என்பது மட்டும் எம்மைக் காப்பாற்றாது. தமிழில் சொன்னாலும் அப்படியே.

நாம் செய்யக்கூடியது சிறிய விடயம். லீவில் நிற்பவரைப் பற்றி "சுகமில்லை" என்றால் போதும். என்ன நோய் என்று ஆராய வேண்டாம். திரும்பி வந்தவரிடம் "எப்படி இருக்கிறியள்? வேலையில ஏதும் உதவி வேணுமோ?" என்று கேளுங்கள். மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்கள் இங்கிலாந்தில் வைத்தியரின் கடிதம் இல்லாமலே என்.எச்.எஸ். ரோக்கிங் தெரப்பீஸ் சேவையில் தாமாகவே பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

கடை நடத்தும் எம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலாளி அந்தச் சொல்லை விட்டால் மற்றவர்களும் விடுவர்.