கூத்துத் திடல்களுக்குச் செல்வோம்!

நாடகம் பார்க்க வேண்டுமானால் பட்டணத்துக்குத்தான் போக வேண்டும், சீட்டு வாங்கி மண்டபத்தில் உட்கார வேண்டும் என்ற எண்ணம் நம் தோழர்கள் பலரிடம் வேரூன்றிக் கிடக்கிறது. இது தவறான எண்ணம். தமிழகத்தின் மகத்தான நாடக அரங்குகளுக்குக் கூரையும் இல்லை, சீட்டும் இல்லை. உழைக்கும் ஜனங்களே அவற்றை உண்டாக்கினார்கள். அவற்றில் ஆடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களே.

வட மாவட்டங்களில் பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில் திடல்களைப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு 10 மணிக்கு மேல் தெருக்கூத்து. மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் முழங்க, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிய வேஷக்காரர்கள் விடியும்வரை ஆடுகிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பிரமாண்டமான துரியோதனன் தரையில் கிடக்கிறான். ராஜாவின் முன்னாலேயே ராஜாவைக் கிண்டல் செய்கிற உரிமை ஒருவனுக்கு உண்டு. அவன்தான் கட்டியங்காரன். அவன் வாயில் ஊர்ப் பெரிய மனிதர்களும் தப்புவதில்லை!

திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் உள்ள புரிசை கிராமம் இக்கலையின் தலைநகரங்களில் ஒன்று. அங்கே கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வருகிறது. பாரதக் கதையோடு அவர்கள் நிற்கவில்லை. ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தை ‘வெள்ளை வட்டம்’ என்ற பெயரில் கூத்தாக்கினார்கள். பெற்றவளைவிட வளர்த்தவளுக்கே பிள்ளை சொந்தம், நிலம் அதைப் பேணி விளைவிப்பவர்களுக்கே சொந்தம் என்று சொல்லும் நாடகம் அது. விவசாயத் தொழிலாளிக்கு இதைவிட நெருக்கமான கதை வேறென்ன இருக்கிறது?

தெற்கே மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் திருவிழா இரவுகளில் ‘வள்ளி திருமணம்’ போன்ற ஸ்பெஷல் நாடகங்கள் நடக்கின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்துக் கொடுத்த பாதை அது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்றிரவு மேடையில்தான் ஒன்றுகூடுகிறார்கள். ஒத்திகை கிடையாது. ஆனாலும் நாடகம் பிசகுவதில்லை. இதல்லவா தேர்ந்த தொழிலாளியின் கைத்திறன்!

கிராமத்தில் நிரந்தர அரங்கம் நிலைக்காது என்பாரும் உண்டு. அவர்கள் கர்நாடகத்தில் சாகர் தாலுகாவிலுள்ள ஹெக்கோடு கிராமத்தைப் போய்ப் பார்க்கட்டும். பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த அந்தச் சிற்றூரில் 1949-ல் ‘நீநாசம்’ என்ற நாடக சங்கம் பிறந்தது. கே. வி. சுப்பண்ணாவின் உழைப்பால் 1980-ல் நாடகப் பள்ளியும், 1985-ல் ஊர் ஊராகச் சுற்றும் ‘திருகாட’ நாடகக் குழுவும் ஏற்பட்டன. அங்கே சாத்தியமானது இங்கே ஏன் சாத்தியமாகாது?

இங்கே நிலைமை என்ன? ஆடுகிற மாதங்களில் சம்பாதிப்பதை வைத்து ஆண்டு முழுதும் காலந்தள்ள வேண்டியவர்கள் நம் கலைஞர்கள். மற்ற மாதங்களில் பலர் கூலி வேலைக்குப் போகிறார்கள். 2020-ல் ஊரடங்கு வந்தது பங்குனி மாதத்தில். கூத்துப் பருவத்தின் வாசலிலேயே அவர்கள் பிழைப்பு அடைபட்டது. 2021 கோடையிலும் அதே கதி. இன்னொரு பக்கம், எத்தனையோ ஊர்களில் பொதுப் பணத்தில் கட்டிய கலையரங்கம் நெல் மூட்டை அடுக்கவும் சீட்டாடவும் பயன்படுகிறது. தாழ்த்தப்பட்ட மக்கள் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்கிற கொடுமையும் சில ஊர்களில் முற்றாக ஒழியவில்லை. எல்லோரும் சமமாக உட்கார முடியாத திடல் எப்படி ஊர்ப் பொதுத் திடலாகும்?

எனவே கோருவோம்: ஒவ்வொரு ஊராட்சிக் கலையரங்கமும் பழுது பார்க்கப்பட்டு, விளக்கு வசதியோடு எல்லா ஜனங்களுக்கும் திறந்துவிடப்பட வேண்டும். கலைஞர்களுக்கு ஆட்டமில்லாத மாதங்களில் சர்க்கார் உதவித்தொகை தர வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தின் பலன் கடைசிக் கிராமத்து மத்தளக்காரர் வரை எட்ட வேண்டும்.

கோரிக்கை மட்டும் போதாது. பார்க்க ஆளில்லாத கூத்தை எந்தச் சர்க்காரும் காப்பாற்ற முடியாது. ஆலைத் தோழர்களே, வருகிற பங்குனியில் ஒரு வார விடுமுறையை இதற்கென்று ஒதுக்குங்கள். சங்கத்தின் பேரில் ஒரு வண்டி பிடித்து, மனைவி மக்களோடு புறப்படுங்கள். விவசாயத் தோழர்களே, உங்கள் திடலில் அவர்களுக்கு இடம் போட்டு வையுங்கள். விடிய விடிய உட்கார்ந்து பாருங்கள். விடிந்ததும் வேஷம் கலைக்கிற கலைஞரிடம் போய், கூலி ஒழுங்காகக் கிடைத்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால், அதைக் கேட்டு வாங்கித் தருவதும் நம் சங்கத்தின் வேலைதான்.