திருவொற்றியூர் புல்லட்டுக்கு எதுக்குய்யா சீமை மீட்டர்?

ரொம்ப நாளா மனசுல இருக்கற புகைச்சல் மக்களே, இன்னிக்கு கொட்டிடறேன்.

பெங்களூர்ல ஆணி புடுங்கற நம்மாளுங்களுக்கு இப்போ ஒரு ஆசை வந்திருக்கு. ஊர்ல கொட்டாய் ஓரமா சாக்கு போத்திக் கெடக்கற அப்பாவோட புல்லட்டை ரயில்ல பார்சல் போட்டுக் கொண்டுவந்து, புதுசாக்கி ஓட்டணும். நல்ல ஆசைதான். ஞாயித்துக்கிழமை காலைல அத்திபெலே டீக்கடையில நின்னா அந்த மாதிரி வண்டி ரெண்டு மூணாவது கண்ணுல படும். ஆனா கிட்டப் போய் ஹெட்லைட்டுக்கு மேல பாத்தா வயிறு எரியுது. 1978 மாடல் வண்டியில 'ஸ்மித்ஸ்'னு பேர் போட்ட பளபளா மீட்டர். அதுவும் மைல் கணக்குல!

கேட்டா, "பீரியட் கரெக்ட் சார், மெக்கானிக் சொன்னாரு"ங்கறாங்க. எந்த பீரியட்? எந்த ஊரு பீரியட்?

வரலாறைப் பாப்போம். 1955ல இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல முதல்ல சீமைலேர்ந்து வந்த பாகங்களைப் பூட்டினாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. அதனால ஆரம்ப கால வண்டியில சீமை மீட்டர் இருந்தா நியாயம். ஆனா நம்ம நாடு 50கள் கடைசியில மெட்ரிக் முறைக்கு மாற ஆரம்பிச்சிடுச்சு. 1970லேயே இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டு கடையைக் கட்டியாச்சு. 1978ல திருவொற்றியூர்லேர்ந்து வெளிய வந்த வண்டிக்கு மைல் மீட்டர் எப்படிய்யா 'ஒரிஜினல்' ஆகும்? அந்த வண்டிக்குக் காலத்துக்கேத்த மீட்டர்னா, அது கிலோமீட்டர் காட்டற உள்ளூர் மீட்டர்தான்.

சரி, சீமை மீட்டராவது நிஜமா? அதுவும் இல்ல. அந்தக் கால ஸ்மித்ஸ் குரோனோமெட்ரிக் மீட்டருக்குள்ள கடிகாரம் மாதிரி பல்சக்கரம் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை கேபிள் சுத்தின சுத்தை எண்ணி முள்ளை நகர்த்தும். அதனால முள்ளு விட்டு விட்டுத்தான் ஏறும், வழுக்கிட்டுப் போகாது. 60கள்ல வந்த காந்த மீட்டர் வேற ஜாதி. சுத்தற காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும், முள்ளு வழவழன்னு ஏறும். இப்போ கடையில விக்கற நிறைய நகல்ல குரோனோமெட்ரிக் மூஞ்சி இருக்கும், உள்ள காந்தம் இருக்கும். வண்டியைக் கிளப்பி முள்ளைப் பாத்தாலே குட்டு வெளிப்பட்டுடும்.

"மீட்டர்தானே, அழகுக்குத்தானே"ன்னு சொல்றவங்களுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு, வேகம். மைல் மீட்டர்ல 40னா நிஜத்துல 64 கிலோமீட்டர். உங்க பையன் நாளைக்கு ஓசூர் ரோட்டுல லாரிக்குப் பக்கத்துல 40ன்னு நெனச்சு ஓட்டுவான். அதோட, இத்தனை தூரம் ஓடினா கேபிள் இத்தனை சுத்து வரணும்னு ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு கணக்கு உண்டு. வீல்ல இருக்கற டிரைவ் அந்தக் கணக்குக்குப் பொருந்தலைன்னா முள்ளு சொல்றதெல்லாம் பொய்.

ரெண்டு, பக்கத்துல இருக்கற குட்டி அம்மீட்டர். பேட்டரி கரண்ட் அது வழியாத்தான் போய்வரும். மலிவு நகல் உள்ள அறுந்து போச்சுன்னா பாயின்ட் வச்ச பழைய புல்லட் நடுரோட்டுல படுத்துடும். சில கடையில வயரை நேரா இணைச்சுட்டு, அம்மீட்டரைச் சும்மா பொம்மையா வச்சு அனுப்பறாங்க. அதுக்கும் காசு!

இதையெல்லாம் விட எனக்குக் கோவம் வர்ற இடம் வேற. கழட்டின பழைய மீட்டர் எங்கே போச்சு? எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துல கேட்டேன். "குப்பையில போட்டோம்"னு கடைக்காரர் சொல்லிட்டாராம். அந்த ஓடோமீட்டர்ல இருந்த எண்ணு அந்த வீட்டு அப்பா வயலுக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டின தூரம் சார்! அதைத் தூக்கிப் போட்டுட்டு பூஜ்யம் பூஜ்யமா ஒரு நகலை மாட்டி "அப்பா ஞாபகம்"னு சொன்னா எப்படி?

"ஒரிஜினல் கிடைக்கலையே, என்ன பண்ண?" நியாயமான கேள்வி. முதல்ல இருக்கறதையே பழுது பாருங்க. காஞ்சுபோன கிரீஸ், ஒடஞ்ச கண்ணாடி, சிக்கின எண் சக்கரம், இதெல்லாம் பொறுமையான மீட்டர் மெக்கானிக் கையில சரியாகும். டயல் மஞ்சளானா ஆகட்டும், அது வயசு. அது முடியவே முடியாதுன்னா புதுப்பேட்டை, சிவாஜிநகர் குஜிலி, ஜே.சி. ரோடுன்னு அதே வருஷத்து உள்ளூர் மீட்டரைத் தேடுங்க. அதுவும் சிக்கலையா, நகல் போடுங்க, குத்தமில்ல. ஆனா கிலோமீட்டர் நகலா, வண்டிக் கணக்குக்குப் பொருந்தறதா போடுங்க. விக்கும்போது "நகல்"னு வாயத் தொறந்து சொல்லுங்க. பழைய மீட்டரை டப்பாவுல போட்டு வண்டியோடவே வைங்க.

2021ல வந்த விண்டேஜ் வாகன விதியும் 50 வயசு தாண்டின வண்டி பெரிய மாற்றம் இல்லாம அசல் வடிவத்துல இருக்கணும்னுதான் சொல்லுது. அசல்னா அந்த வண்டி பொறந்தப்போ இருந்தது. நம்ம கற்பனையில இருக்கற லண்டன் இல்ல.

அத்திபெலே எல்லையைத் தாண்டினா ஓசூர். 1980ல டி.வி.எஸ் 50 பொறந்த ஊரு. மீட்டருக்குன்னே பேர் வாங்கின பிரிக்கால் நம்ம கோயமுத்தூர் கம்பெனி. கைக்கெட்டற தூரத்துல நம்ம ஆளுங்க செஞ்ச சாமானை 'லோக்கல்'னு ஒதுக்கிட்டு, பொய்யா சீமைப் பேர் ஒட்டினதுக்குக் காசு கொட்டறோம். ஊரை விட்டு வந்துட்டோம், சரி. வண்டியோட ஊரையும் ஏன் அழிக்கறீங்க?

டிஸ்கி: சீமை வண்டி வச்சிருக்கறவங்க தாராளமா ஸ்மித்ஸ் மாட்டுங்க. ஆனா முள்ளு விட்டு விட்டு ஏறுதான்னு பாத்து வாங்குங்க :-)