‘பரையா’ என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

லப்பைக்குடிக்காட்டில் மாலை நேரத்தில் கூடிப் படிக்கிற பிள்ளைகளில் ஒரு தங்கை. கல்லூரி இரண்டாம் ஆண்டு. போட்டித் தேர்வுக்காக வாங்கிய ஆங்கிலச் சொல் கையேட்டை வைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். அதை வாய்விட்டுப் படிக்காமல் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். ‘பரையா: சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர், இழிந்தவர்.’

“அண்ணா, இது நம்மளத்தான் சொல்றாங்களா?”

ஆமாம் தங்கச்சி, நம்மளத்தான்.

அது ஆங்கிலச் சொல்லே அல்ல. பறை என்ற நம் கருவியின் பெயரோடு சேர்ந்த பறையர் என்ற பெயர், போர்ச்சுகீசியர் வழியாக 1600களின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. பிறகு யாரெல்லாம் விலக்கத்தக்கவர்களோ அவர்களுக்கெல்லாம் பொதுப்பெயராக மாறியது. 2019இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடையில், சவூதி அரேபியாவை ‘பரையா’ ஆக்குவோம் என்றார் ஜோ பைடன். சவூதிக்குப் பிழைக்கப் போன பிள்ளைகள் நிறைந்த ஊர் இது. அந்தச் செய்தியை இங்கேயும் படித்திருப்பார்கள். ஒரு நாட்டைத் திட்ட நம் பாட்டன் பூட்டன் பெயர்தான் அகப்பட்டதா என்று எத்தனை பேர் கேட்டோம்?

1922இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்று எழுதுவதை நிறுத்தி ‘ஆதி திராவிடர்’ என்று எழுத வைத்தார். அதற்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் அதே பெயரைத் தலைநிமிர்த்திப் ‘பறையன்’ என்று பத்திரிகை நடத்தினார். ஒருவர் அந்தப் பெயரை அரசின் ஏட்டிலிருந்து நீக்கினார். இன்னொருவர் அதையே கொடியாக்கினார். இருவருக்கும் அந்தச் சொல்லின் பொருளும் வரலாறும் தெரியும். நூறு ஆண்டு கழித்து நம் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுப்பது யார்? ‘இதை மனப்பாடம் பண்ணு, ஒரு மார்க்’ என்று சொல்லும் கையேடு.

என் சண்டை அந்தக் கையேட்டோடுதான்.

‘அந்தச் சொல்லை அகராதியிலிருந்தே தூக்கு’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நான் கேட்கமாட்டேன். அகராதியில் இருப்பது நமக்கு நேர்ந்ததற்கான சாட்சி. சாட்சியை நாமே ஏன் கலைக்க வேண்டும்? ஆனால் அது எங்கிருந்து வந்தது, யாரை இழிவுபடுத்துகிறது என்று பக்கத்திலேயே எழுது. வகுப்பில் அதைச் சொல்லிக்கொடு. நாம் எழுதும்போது அந்தச் சொல்லைத் தொடாதே. இதைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘இதெல்லாம் எதுக்கு, ஐயாயிரம் வார்த்தையை உருப்போட்டால் போதும்’ என்பார்கள். உருப்போட்டது தேர்வு முடிந்த மறுநாள் போய்விடும். வேரைப் பிடித்தால் போகாது. ‘ஹியூமஸ்’ என்றால் லத்தீனில் மண். பள்ளிப் பாடத்தில் மட்கு என்று படித்தோமே, அந்த ஹியூமஸ்தான். ஒரு மனிதனை மண்ணளவுக்குத் தாழ்த்துவது ‘ஹியூமிலியேட்’. புதைத்த உடலை மறு பரிசோதனைக்காக மண்ணிலிருந்து தோண்டி எடுப்பது ‘எக்ஸ்யூம்’. ‘மானுஸ்’ என்றால் கை. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் உள்ள ‘மேனுவல்’ அதிலிருந்து வந்தது. கைவிலங்கு என்னும் ‘மேனக்கிள்’ அதிலிருந்து வந்தது. பிடியிலிருந்து விடுபடுவது என்னும் ‘இமேன்சிபேட்’டும் அதே கைதான். அடிமைத்தனமும் விலங்கும் விடுதலையும் ஒரே வேரில் இருக்கின்றன. இதை ஒருமுறை கேட்ட பிள்ளை மறக்குமா?

ஒரு எழுத்தில் வேறுபடும் இரண்டு சொற்களைப் பாருங்கள். இரண்டையும் ‘அவுட்காஸ்ட்’ என்றே உச்சரிக்கிறோம். கடைசியில் ‘இ’ இல்லாதது, வெளியே எறியப்பட்டவர். ‘இ’ இருப்பது, சாதி அடுக்குக்கு வெளியே வைக்கப்பட்டவர். முன்னதில் இருப்பது எறிதல் என்னும் வினை. பின்னதில் இருப்பது ‘காஸ்டா’ என்ற போர்ச்சுகீசியச் சொல். கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பொருள் போட்டிருக்கிறது.

சொற்பொருள் என்பது மதிப்பெண் விவகாரம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுங்கள். சாதியைச் சொல்லித் திட்டியது ‘பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நடந்திருக்க வேண்டும் என்கிறது. பொது இடம் வேறு, பொதுப் பார்வை வேறு என்று 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தனியார் வீட்டு வாசல் பொது இடம் அல்ல. ஆனால் வெளியே போகிறவர் பார்க்க முடிந்தால் அது பொதுப் பார்வைக்கு உட்பட்டது. பக்கத்து மாவட்டம் லால்குடியில், வருவாய்த் துறை ஊழியர் ஒருவரை அவருடைய அலுவலகத்திலேயே சாதியைச் சொல்லித் திட்டியதாக வழக்கு. நான்கு சுவருக்குள் நடந்தது, சக ஊழியர்கள் பிறகுதான் வந்தார்கள் என்று சொல்லி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. அலுவலக அறைக்குள் விழுந்த அவமானம் அவமானம் இல்லையா? ஆனால் ‘வியூ’ என்ற ஒரு சொல்லில் வழக்கே நிற்கிறது, விழுகிறது என்பதைப் பாருங்கள். நாளைக்கு நீங்கள் காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது யார் பார்த்தார்கள், யார் கேட்டார்கள், எங்கே நின்று கேட்டார்கள் என்று எழுத இந்தச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

‘தமிழ் போதாதா, ஆங்கிலம் எதற்கு?’ என்று மேடையில் முழங்குகிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழை என்று வழக்கு நடந்தது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சீத்தா’ என்று இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்பது அந்தத் தேர்வின் விதி. அனிதாவைப் பறிகொடுத்த குழுமூர் நம் வட்டாரம்தான். தமிழில் தேர்வெழுதும் உரிமைக்காகப் போராடுவோம். அதுவரை இறுதி வடிவத்தைப் படிக்கத் தெரியாமல் நம் பிள்ளைகள் ஏமாறக் கூடாது.

அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் ‘எண்டாஸ்மாசிஸ்’ என்ற சொல்லை ஆண்டார். பிளஸ் டூ உயிரியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த சொல்தான்: சவ்வூடு பரவல், அதுவும் உள்நோக்கி. மனிதக் கூட்டங்களுக்கு இடையே சுவர் இல்லாமல் உறவு ஊடுருவ வேண்டும் என்பதைச் சொல்ல, அறிவியலிலிருந்து ஒரு சொல்லை எடுத்து நிறுத்தினார். அவரும் கையேட்டை மட்டும் உருப்போட்டிருந்தால் அது அவர் கைக்கு வந்திருக்காது.

தோழர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் வேர், தமிழில் பொருள், நம் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். வெள்ளாற்றுக்கு இக்கரையில் நாங்கள் தொடங்கிவிட்டோம். அக்கரை திட்டக்குடித் தோழர்களும் தொடங்கட்டும்.

அந்தத் தங்கையின் நோட்டில் முதல் சொல் ‘பரையா’. பொருள் என்று அவளே எழுதியது இது: ‘எங்கள் பெயர். திருடி வசவாக்கியது.’

ஜெய் பீம்!