கொழுப்புக் கணக்கையும் பார்க்க வேண்டும்



சங்க விழாக்களில் மருத்துவ முகாம் வைப்பது நல்ல வழக்கம். ஆனால் அதை வைக்கும் விதம் மாற வேண்டும் என்பது என் கருத்து. முற்பகல் 11 மணிக்கு, இட்லியும் இரண்டு டீயும் முடித்துவிட்டு வருபவரின் விரலில் ஊசி குத்தி, "140தான், பயமில்லை" என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அவரும் மகிழ்ச்சியாகக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறார். ரத்தத்தில் உள்ள கொழுப்பை யாரும் பார்ப்பதில்லை.

கொழுப்பு மாரடைப்புக்காரர் கணக்கு, சர்க்கரை வேறு கணக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கொழுப்புப் பரிசோதனைச் சீட்டில் டிரைகிளிசரைடு என்று ஒரு வரி இருக்கும். வெறும் வயிற்றில் அது 150க்குள் இருக்க வேண்டும். நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும், பெண்களுக்கு 50க்கும் குறையக் கூடாது. முன்னது ஏறி, பின்னது இறங்கி, வயிறும் முன்னால் தள்ளியிருந்தால், இன்று சர்க்கரை சரியாக இருந்தாலும் பின்னால் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை.

"நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுவதில்லையே!" என்பார்கள். டிரைகிளிசரைடு எண்ணெயில் மட்டும் வருவதல்ல. சோறு, மைதா, சர்க்கரை இவற்றில் உடம்பு செலவழிக்காமல் மிஞ்சுவதைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. கல்லீரலிலும் வயிற்றிலும் கொழுப்பு தங்கத் தங்க, இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. அது முடியாமல் போகும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. கொழுப்பே சர்க்கரைக்கு முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்று. அதில் கொழுப்பு பெரும்பாலும் முந்திக்கொண்டு தெரிகிறது.

நம் பிக்கட்டி, மஞ்சூர் பக்கத்துக் கடைக்காரரின் நாளைப் பாருங்கள். குளிருக்கு எட்டு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ ஆகிறது! கூடவே வர்க்கி. ஊட்டி வர்க்கிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனாலும் அது மைதாவும் சர்க்கரையும் வனஸ்பதியும் சேர்ந்த பண்டம். மலை ஏறி இறங்குபவனுக்குச் சர்க்கரை வராது என்பார்கள் பெரியவர்கள். அவர்கள் ராகியும் சாமையும் உண்டு, மூட்டை சுமந்து நடந்தார்கள். இன்று மேட்டுப்பாளையம் சரக்கு வண்டியில் வாசலுக்கே வருகிறது. நாம் காலை 7 முதல் இரவு 9 வரை உட்கார்ந்தே இருக்கிறோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். ஏதாவது ஒரு வகையில் ரத்தக் கொழுப்பு சரியில்லாதவர்கள் நூற்றுக்கு 81 பேர்!

வாசலில் நிற்பவர் திரும்பி வரலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006ல் வெளியானது. மூன்று ஆண்டுகளில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, தினம் அரை மணி நேரமாவது நடந்தவர்களில் 39 பேருக்கே வந்தது. மருந்து பற்றி டாக்டர்தான் சொல்ல வேண்டும், மளிகைக்காரன் சொல்லக் கூடாது.

மைதாவும் வனஸ்பதியும் விற்கும் நாமே இப்படி எழுதினால் வியாபாரம் என்னாகும் என்று சிலர் கேட்கலாம். சாமையும் ராகியும் நம் கடைச் சரக்குதானே! இப்போது கேட்டு வாங்குகிறார்கள். சாமை என்பதற்காகக் குவித்துச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும் என்பதையும் சொல்லி விற்கலாம்.

நிர்வாகக் குழுவுக்கு என் வேண்டுகோள்: அடுத்த முகாமைக் காலை 6 மணிக்கு, கடை திறக்குமுன் வையுங்கள். முந்தைய இரவு 8 மணிக்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். குன்னூரிலிருந்தோ ஊட்டியிலிருந்தோ பரிசோதனை நிலையத்தாரை வரவழைத்து, சர்க்கரையோடு கொழுப்புக்கும் ரத்தம் எடுக்கச் செய்யுங்கள். சங்கம் பாதி, உறுப்பினர் பாதி என்று செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். கல்லாவில் உட்காரும் வீட்டுப் பெண்களும், கடை ஊழியர்களும் வரட்டும். ஊழியர் பங்கைக் கடை முதலாளியே கட்டுவதுதான் முறை.